அந்தச் சிப்பாயின் பெயர் என்ன?

1819ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதி. ஒருநாள் காலை, சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு படகு வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள். ஒருவர் குள்ளமானவர், அவர்தான் ராஃபிள்ஸ். மற்றவர் உயரமானவர், அவர் ஃபார்குவார். அவர்களுடன் துப்பாக்கி ஏந்திய சிப்பாய் ஒருவரும் இறங்கினார். மூவரும் நேராகத் தெமெங்கோங்கின் வீட்டுக்குப் போனார்கள். அங்கே ரம்புத்தான் முதலிய பழங்களைக் கொடுத்து அவர்களை உபசரித்தார்கள்.

இந்தக் காட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கோப்புகளிலிருந்து கிடைத்ததன்று. கரையில் நின்று அதைக் கண்ட ஒரு சிறுவன் பிற்காலத்தில் சொன்னது. அவர் பெயர் வா ஹக்கீம். படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்த 'ஓராங் லாவுட்' எனப்படும் கடல் மக்களைச் சேர்ந்தவர். அன்று அவருக்கு வயது ஏறத்தாழ 15. அவர் அதைச் சொன்னபோது வயது 80ஐ நெருங்கிவிட்டது. ஹாட்டன் என்ற ஆங்கிலேயர் அதைக் கேட்டு எழுதி, 1882இல் அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை வெளியிட்ட ஆய்விதழில் அச்சிட்டார். மொத்தமே இரண்டு பக்கம்தான்.

நவீன சிங்கப்பூரின் முதல் நாளைப் பற்றி இந்த மண்ணின் பூர்வகுடி ஒருவர் வாயால் சொல்லி நமக்குக் கிடைத்திருப்பது அந்த இரண்டு பக்கம். வாய்மொழி வரலாறு என்று இன்று நாம் சொல்வதற்கு இங்கே அதைவிடப் பழைய சான்றைத் தேடுவது கடினம்.

அதில் ஒரு செய்தி தமிழர்களையும் இந்தியர்களையும் நிறுத்தி யோசிக்க வைக்கும். ராஃபிள்சுடன் அந்தப் படகில் ஓர் இந்தியச் சிப்பாயும் வந்து இறங்கியிருக்கிறார். ராஃபிள்சுக்கு இங்கே இரண்டு சிலைகள் உள்ளன. ஃபார்குவாரின் பெயரைப் படித்தவர் அனைவரும் அறிவர். அந்தச் சிப்பாயின் பெயர் என்ன? அவர் எந்த ஊர்க்காரர்? அவர் திரும்பிப் போனாரா, இங்கேயே மாண்டாரா? அந்த இரண்டு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. அதே 1819இல் ராஃபிள்சின் இரண்டாவது வருகையின்போது பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் வணிகர், செங்கல் சூளை வைத்தவர், மாரியம்மன் கோயில் எழக் காரணமானவர். துப்பாக்கி தூக்கி வந்தவரின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை.

கேட்கத் தொடங்கிய நாடு

வா ஹக்கீம் சொன்னபடி, அன்று ஆற்றோரத்தில் நூற்றுக்கும் குறைவான குடிசைகளே இருந்தன. சுமார் 30 ஓராங் லாவுட் குடும்பங்கள் படகுகளில் வாழ்ந்தன. காலாங் ஆற்றில் வாழ்ந்த ஓராங் காலாங் மக்களோ 1824 வாக்கில் ஜொகூரின் பூலாய் ஆற்றுக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். 1840களின் பிற்பகுதியில் பெரியம்மை பரவியது. நூறு குடும்பங்களாக இருந்தவர்கள் எட்டுக் குடும்பங்களாகக் குறைந்துபோனதாகப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. அந்த எட்டுக் குடும்பங்களிடம் யாராவது உட்கார்ந்து கதை கேட்டிருந்தால், இந்தத் தீவின் பழைய வாழ்க்கையைப் பற்றி எவ்வளவோ தெரிந்திருக்கும். கேட்கவில்லை. காலாங் என்ற பெயர் மட்டும் எம்ஆர்டி நிலையத்தில் எஞ்சியிருக்கிறது.

சிங்கப்பூர் முறைப்படி கேட்கத் தொடங்கியது 1979இல்தான். டாக்டர் கோ கெங் சுவீயின் முயற்சியால் அப்போது வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டது. நாட்டின் முன்னோடிகள், 1945 முதல் 1965 வரையிலான அரசியல் வரலாறு ஆகியவை அதன் முதல் திட்டங்கள். 1981இல் ஜப்பானிய ஆட்சிக் காலத்தைப் பற்றிய திட்டம் தொடங்கியது. போரையும் பசியையும் கண்டவர்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. காகிதத்தில் இருந்த ஆவணங்கள் பலவும் போரில் அழிந்துபோயிருந்தன. ஆகவே அந்த அவசரம்.

அந்தப் பிரிவுதான் வளர்ந்து, இன்று தேசிய நூலக வாரியத்தின் கீழ் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்று நிலையமாக இயங்குகிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நேர்காணல்கள் அங்கே உள்ளன. ஆங்கிலம், மாண்டரின், மலாய், தமிழ், சீனக் கிளைமொழிகள் என்று பல மொழிகளில் பேசியிருக்கிறார்கள். பலவற்றை வீட்டிலிருந்தே இணையத்தில் கேட்கலாம். தலைவர்களிடம் தொடங்கிய பணி, காலப்போக்கில் கைத்தொழில் செய்தவர்கள், கம்பத்தில் வாழ்ந்தவர்கள், கடை நடத்தியவர்கள் என்று சாதாரண மக்களிடமும் வந்து சேர்ந்தது.

இது பெரிய காரியம். ஆனாலும் காலத்தால் முந்திப் போனவர்களை அது எட்ட முடியவில்லை.

குரல் இல்லாமல் போனவர்கள்

1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு வேலை வாங்கப்பட்டனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கட்டியது. இன்றைய இஸ்தானாவும் அவர்கள் உழைப்பு. சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள். அவர்களை மேய்த்த அதிகாரிகள் புத்தகம் எழுதினார்கள். வேலை செய்தவர்கள் தம் வாயால் சொன்னதாக நம் கையில் ஏறக்குறைய எதுவுமே இல்லை.

சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட அந்தப் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் செத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். போர்க்கைதிகள் நாட்குறிப்பு எழுதினார்கள். திரும்பிப் போனவர்கள் நூல் எழுதினார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக, சீராகப் பராமரிக்கப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. அவர் எழுதத் தெரியாதவர். எழுதத் தெரிந்தவர் எவரும் நெடுங்காலம் அவரிடம் வந்து கேட்கவும் இல்லை. உயிரோடு திரும்பியவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொன்னதுதான் பதிவு. பேரப்பிள்ளை மறந்தால் அதுவும் போயிற்று.

ஊர்ப் பெயர்களின் கதையும் இதுதான். சிராங்கூன் சாலைப் பகுதியைத் தமிழர்கள் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்தார்கள். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. கிராஸ் ஸ்திரீட் தமிழர் வாயில் 'பால்கடைச் சடக்கு'. வா ஹக்கீமிடம் பேசிய அதே ஹாட்டன்தான் 1891இல் சிங்கப்பூர்த் தெருக்களின் உள்ளூர்ப் பெயர்களையும் தொகுத்து அச்சிட்டார். நம் தெருக்களுக்கு நாம் வைத்த பெயரைத் தெரிந்துகொள்ள ஓர் ஆங்கில அதிகாரியின் குறிப்பேட்டைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அவர் கேட்டது நம் அதிர்ஷ்டம். கேட்காமல் விட்டவை எத்தனையோ!

யார் கேட்பது?

இங்கேதான் முக்கியமான கேள்வி வருகிறது. கேட்பது அவசியம் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். யார் கேட்பது?

ஓரறை வீவக வீட்டில் தனியாக இருக்கும் ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், அல்லது செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். முன்பின் தெரியாத ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியும் படிவமுமாக வந்து கதவைத் தட்டினால், பெரியவர் என்ன சொல்வார்? 'அதெல்லாம் மறந்துபோச்சு தம்பி' என்பார். அதே பெரியவர், வாரந்தோறும் சாப்பாடு கொண்டுவரும் தொண்டூழியப் பெண்ணிடம், கேட்காமலே பழைய கதை பேசுவார். கப்பலில் வந்தது, ஊரில் விட்டுவந்த மனைவி, குடித்தது, அடிபட்டது, வேலைநிறுத்தத்தில் நின்றது எல்லாம் வரும். அந்தப் பெண்ணுக்கு மருந்து வேளையும் தெரியும், கதையும் தெரியும். ஆனால் அவரிடம் பதிவுக் கருவி இல்லை. அது வரலாறு என்று அவரிடம் யாரும் சொன்னதும் இல்லை.

ஆய்வாளருக்கு முறை தெரியும், வீட்டு வாசல் தெரியாது. சமூக சேவையாளருக்கு வாசல் தெரியும், முறையைப் பழகவில்லை. இருவரையும் ஒருங்கிணைப்பதே வழி. அதிலும் அந்தச் சேவையாளர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராகவே இருந்தால், பாதிச் சுவர் தானாக இடிந்துவிடும்.

இதை நன்றாகச் செய்துகாட்டிய நாடு ஆஸ்திரேலியா; அதற்கு அது கொடுத்த விலையும் அதிகம். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்க்கும் கொள்கை அங்கே பல பத்தாண்டுகள் நடந்தது. பிரிந்தவர்களைத் தேடிச் சேர்த்துவைக்க 1980இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 'லிங்க்-அப்' என்ற அமைப்பு பிறந்தது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் கோரல் எட்வர்ட்ஸ், பூர்வகுடிப் பெண்மணி. மற்றவர் பீட்டர் ரீட், வரலாற்று ஆய்வாளர். ஒருவர் குடும்பத்தைத் தேடினார், மற்றவர் ஆவணத்தைத் தேடினார். சேவையும் ஆய்வும் ஒரே மேசையில் உட்கார்ந்தன.

பிறகு தேசிய விசாரணை நடந்தது. 535 பூர்வகுடி மக்கள் அளித்த சாட்சியங்களோடு 1997இல் அதன் அறிக்கை வெளிவந்தது. தொடர்ந்து 1998 முதல் 2002 வரை ஆஸ்திரேலிய தேசிய நூலகம் ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தை நடத்தி, 300க்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்தது. பிரிக்கப்பட்ட பிள்ளைகள் மட்டும் அல்லர். பிரித்த போலிஸ்காரர்களும், விடுதி நடத்திய மதப் பணியாளர்களும் பேசினார்கள். திட்டத்தை நிர்வகித்தவர் டோரீன் மெல்லர் என்ற பூர்வகுடிப் பெண்மணி. 2008 பிப்ரவரி 13ஆம் தேதி ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். ஒலிநாடாவில் பேசிய குரல்கள் அங்கு வரை போய்ச் சேர்ந்தன.

கனடாவும் பூர்வகுடிப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளிகளைப் பற்றி உண்மை அறியும் ஆணையம் ஒன்றை 2008 முதல் 2015 வரை நடத்தியது. ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பேசினார்கள். ஒவ்வோர் அமர்விலும் பூர்வகுடி மூத்தோரும் ஆதரவுப் பணியாளர்களும் உடன் இருந்தார்கள். ஏன்? பழைய காயத்தைக் கிளறினால் இரத்தம் வரும். கிளறிவிட்டுக் கருவியை மூடிக்கொண்டு எழுந்து போவது ஆய்வாகாது. அழுகிறவர் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். மறுநாளும் வந்து பார்க்க ஆள் வேண்டும். அது சமூக சேவையாளரின் வேலை.

அந்நாடுகளின் அனுபவத்திலிருந்து சில விதிகளை எடுத்துக்கொள்ளலாம். பேசுகிறவருக்கு அவர் மொழியில் நோக்கத்தை விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். 'இதை நான் இருக்கும்வரை வெளியிட வேண்டாம்' என்றால் அதைக் காக்க வேண்டும். பதிவின் ஒரு பிரதி அந்தக் குடும்பத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். கேள்விகளைச் சமூகத்தாரோடு சேர்ந்தே தயாரிக்க வேண்டும். உதவும் சேவையாளரைக் கதவு திறக்கும் ஆளாக மட்டும் பயன்படுத்தாமல் ஆய்வில் பங்காளியாக நடத்த வேண்டும். பயிற்சியும், பெயரும், ஊதியமும் அவருக்கும் உண்டு.

நினைவும் சாட்சியே

'கிழவர்கள் சொல்வதை நம்பலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 15 வயதில் கண்டதை 80 வயதில் சொன்னால் பிசகு இருக்கத்தான் செய்யும். அதனால்தான் வாய்மொழியை ஆவணத்தோடும் பிறர் சொல்லோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஆனால் பிசகும் ஒரு செய்தி சொல்லும். இத்தாலியின் தெர்னி நகரில் 1949இல் லூயிஜி திராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி போலிஸ் சுட்டு இறந்தார். அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் பிற்காலத்தில் விசாரித்தபோது, அவர் 1953இல், ஆலையில் பெரிய ஆட்குறைப்பு நடந்தபோது இறந்ததாகவே பலரும் சொன்னார்கள். தேதி தவறு. ஆனால் தங்கள் தோழன் காரணமின்றிச் செத்ததாக எண்ண அந்தத் தொழிலாளர்களுக்கு மனம் வரவில்லை. தங்கள் வாழ்வின் மிகப் பெரிய போராட்டத்தோடு அவன் சாவைச் சேர்த்துக்கொண்டார்கள். எந்தக் கோப்பு இதைச் சொல்லும்?

நீதிமன்றங்களும் இப்போது செவிகொடுக்கின்றன. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1997இல் டெல்கமூக் வழக்கில், பூர்வகுடிகளின் வாய்மொழி வரலாற்றுக்கு எழுத்து ஆவணங்களுக்குச் சமமான இடம் தரவேண்டும் என்றது. மலேசியாவில் சிலாங்கூரைச் சேர்ந்த தெமுவான் மக்கள், விமான நிலைய நெடுஞ்சாலைக்காகப் பறிபோன நிலத்துக்காகத் தொடுத்த சகோங் தாசி வழக்கில், 2002இல் உயர் நீதிமன்றம் சாட்சியச் சட்டத்துக்கு உட்பட்டு வாய்மொழிச் சான்றை ஏற்றது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்கு வகுத்த விதிகள், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தால் அதையும் ஒரு சான்றாக ஏற்கின்றன. நீலகிரிப் பழங்குடிப் பெரியவர் 'இந்தக் காட்டில் என் பாட்டன் புதைந்த இடம் இது' என்று சொல்வது இன்று சட்டத்தின் கண்ணில் வெறும் கதை அன்று.

இதில் சிங்கப்பூரர்களுக்கு நெருக்கமான ஒரு வழக்கும் உண்டு. சிங்கப்பூருக்கும் தண்ணீர் தரும் லிங்கியு அணைக்காக ஜொகூரில் தங்கள் மூதாதையர் காட்டை இழந்த ஜக்குன் மக்கள் வழக்குத் தொடுத்து, 1990களின் பிற்பகுதியில் 26.5 மில்லியன் ரிங்கிட் இழப்பீடு பெற்றார்கள். நாம் குடிக்கும் தண்ணீருக்குப் பின்னாலும் ஒரு பூர்வகுடியின் கதை இருக்கிறது. அதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

நம் வாசலில்

சிங்கப்பூரின் கடல் மக்களும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. செமாக்காவ் தீவில் வாழ்ந்தவர்கள் 1970களிலும், பக்கத்துச் சாக்கெங் தீவில் கடைசியாக இருந்தவர்கள் 1990களிலும் பெருந்தீவின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1999இல் அங்கே செமாக்காவ் குப்பை நிரப்பு நிலம் தொடங்கியது. 2020இல் அந்தத் தீவு மக்களின் வழித்தோன்றல் ஒருவர் 'ஓராங் லாவுட் எஸ்ஜி' என்ற அமைப்பைத் தொடங்கினார். பாட்டி சமைத்த கடலுணவு, பாட்டன் பின்னிய மீன்பொறி, தீவுப் பேச்சு என்று தன் குடும்பத்தாரிடமிருந்தே கதைகளைச் சேகரித்து மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. வா ஹக்கீமின் கதைக்கு இரண்டு பக்கம் கிடைத்தது. இவர்கள் தங்கள் கதைக்கு எத்தனை பக்கம் வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்கிறார்கள்.

தமிழர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. கெனிங் ரைஸில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. முதியோரைத் தினமும் சந்திக்கும் தொண்டூழியர்களும் சமூக சேவையாளர்களும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். இந்த மூன்று தரப்பும் ஒன்றாகப் பேசி, யார் எந்தப் பேட்டைக்குப் போவது, எந்தக் கேள்விகளைக் கேட்பது, அழுதால் என்ன செய்வது, பதிவு யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்தால் வேலை தொடங்கிவிடும்.

காலமோ காத்திருக்காது. ஜப்பானியர் வந்த 1942இல் 10 வயதாக இருந்த பிள்ளை இன்று 90ஐத் தாண்டிவிட்டார். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படைக்குப் பயிற்சி தொடங்கியபோது சேர்ந்த தோட்டத்துப் பெண்களில் இன்று எஞ்சியிருப்பவர் மிகச் சிலரே. 1960களில் தேக்காவில் கடைபோட்டவரும், புதிய சிங்கப்பூரின் முதல் வீவக வீடுகளுக்குக் குடிவந்தவரும் மெல்ல விடைபெறுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கட்டுமானத் தளங்களிலிருந்தும் கப்பல் பட்டறைகளிலிருந்தும் வந்து, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, புல்தரையில் உட்கார்ந்து பேசும் தமிழக இளைஞர்கள். கட்டடங்களில் அவர்கள் பெயர் இருக்கப்போவதில்லை. கைதிகளின் கதையைக் கேட்காமல் விட்டதற்கு வருந்தும் நாம், இவர்களின் கதையையும் அப்படியே விட்டுவிட்டால், நூறு ஆண்டு கழித்து வருபவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

தொடங்குவதற்குப் பெரிய திட்டம் வரவேண்டும் என்பதில்லை. அடுத்த முறை தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகும்போது கைத்தொலைபேசியை மேசைமேல் வைத்து, அவர்கள் அனுமதியோடு, ஒரு கேள்வி கேட்கலாம். 'நீங்க முதல்ல கப்பலை விட்டு இறங்கினப்போ கூட யார் யார் வந்தாங்க? அவங்க பேர் என்ன?'

வா ஹக்கீமிடம் அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால், அந்தச் சிப்பாயின் பெயர் ஒருவேளை இன்று நமக்குத் தெரிந்திருக்கும்.